திரைமுன் வேண்டும் நிதானம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 1926ஆம் ஆண்டில் தொடங்கியது. காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் இத்தேர்வு, பல்லாண்டுகளாகத் தாளும் பென்சிலும் கொண்டே எழுதப்பட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தேர்வு மையங்களில் அது கணினிக்கு மாறியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவிலும் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து இத்தேர்வை எழுதும் மாணவர்கள் இப்போது விடைத்தாளில் வட்டங்களைக் கருமையாக்குவதில்லை. தங்கள் மடிக்கணினியில் ‘புளூபுக்’ என்னும் செயலியைத் திறந்து விடையளிக்கிறார்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களிலும் இதே போக்கைக் காணலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் பயில விண்ணப்பிப்போர் ‘யூகேட்’ என்னும் தேர்வை எழுத வேண்டும். அதுவும் முழுக்க முழுக்கக் கணினியில் நடைபெறுவதே. இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்களுள் சிலர் இன்னும் சில ஆண்டுகளில் இவற்றுள் ஒன்றை எதிர்கொள்ளக்கூடும்.

இத்தகைய தேர்வுகளுக்கு எவ்வாறு ஆயத்தமாவது? இதைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. “இக்கால மாணவர்கள் திரையோடு வளர்ந்தவர்கள், அவர்களுக்குக் கணினித் தேர்வு புதிதன்று” என்பது முதலாவது. “மாதிரித் தேர்வுகளை எவ்வளவு அதிகமாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது” என்பது இரண்டாவது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், கணினித் தேர்வை எழுதும் மாணவருக்கு மிகவும் தேவைப்படும் பண்பு ஒன்றை இவ்விரண்டுமே கவனிப்பதில்லை. திரையின்முன் நிதானமாகப் படித்துச் சிந்திக்கும் பழக்கமே அது.

முதல் கருத்தை முதலில் ஆராயலாம். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் தனிப்பட்ட கற்றல் சாதனம் கிடைக்க வழிசெய்யப்பட்டது. அதற்கு முன்பே கைப்பேசி பெரும்பாலான பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. எனவே, திரை அவர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால், அந்தப் பழக்கம் எத்தகையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் வரும் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. நீண்ட பத்தியைக் கண்டால் கண் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் தொட்டுச் செல்கிறது. பொழுதுபோக்குக்கு இது போதும். ஒவ்வொரு சொல்லும் விடையை மாற்றக்கூடிய ஒரு தேர்வுக்கு இப்பழக்கம் உதவாது.

ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. அந்த ஆய்வுகளில் மொத்தம் 170,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருந்தனர். ஒரே பனுவலைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் முடிவு. கதைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தென்படவில்லை. தகவல் சார்ந்த பனுவல்களில் தென்பட்டது. குறிப்பிட்ட நேரத்திற்குள் படித்து முடிக்க வேண்டிய நிலையில் வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரையிலான ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடைவெளி குறையவில்லை, கூடியே இருந்தது. திரையோடு வளர்வதால் மட்டும் திரையில் ஆழ்ந்து படிக்கும் திறன் வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தகவல் சார்ந்த பனுவல், குறிப்பிட்ட நேரம், திரை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம்தான் நுழைவுத் தேர்வு. எஸ்.ஏ.டி. தேர்வின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். அத்தேர்வு 2 மணி 14 நிமிடம் நடைபெறும். வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு. கணிதம் மற்றொரு பிரிவு. முதல் பிரிவில் 54 வினாக்களுக்கு 64 நிமிடமும், கணிதத்தில் 44 வினாக்களுக்கு 70 நிமிடமும் வழங்கப்படுகின்றன. வாசிப்புப் பிரிவில் வரும் பனுவல்கள் மிகவும் சிறியவை. 25 முதல் 150 சொற்கள் கொண்ட ஒரு பனுவலுக்கு ஒரே ஒரு வினாதான் வரும்.

பனுவல் சிறியதாக இருப்பதால் வேகமாகப் படித்துவிடலாம் என்று பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில், பனுவல் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு சொல்லின் மதிப்பும் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, சுங்கை பூலோ சதுப்புநிலத்தைப் பற்றிய ஒரு பனுவலில், “இங்குக் காணப்படும் பறவைகளுள் சில, வடக்கே குளிர்காலம் தொடங்கும்போது நெடுந்தொலைவு பறந்து வருகின்றன” என்னும் வரி இருப்பதாகக் கொள்ளலாம். விடைகளுள் ஒன்று, “சுங்கை பூலோவில் உள்ள பறவைகள் வடக்கிலிருந்து வந்தவை” என்று கூறுகிறது. அவசரமாகப் படிப்பவருக்கு அது சரியான விடையாகவே தோன்றும். பறவை, வடக்கு, வருகை என எல்லாச் சொற்களும் பொருந்துகின்றன. ‘சில’ என்னும் ஒரு சொல்லைக் கண் தாவிச் சென்றதால் மதிப்பெண் போய்விடுகிறது. இங்கு மாணவருக்கு மொழியறிவு குறைவு என்று சொல்ல முடியாது. அவர் அந்தச் சொல்லைப் படிக்கவே இல்லை.

கணிதத்திலும் இந்நிலை உண்டு. புளூபுக் செயலியிலேயே வரைபடம் வரையக்கூடிய ‘டெஸ்மோஸ்’ கணிப்பான் இருக்கிறது. கணிதப் பிரிவு முழுவதிலும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால், கேட்கப்படுவது என்ன என்பதைக் கணிப்பான் சொல்லாது. இரண்டு பேனாக்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்து 7 வெள்ளி. ஒரு பேனாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்து 5 வெள்ளி. அப்படியென்றால் மூன்று நோட்டுப் புத்தகங்களின் விலை என்ன? பேனாவின் விலை 2 வெள்ளி என்றும் நோட்டுப் புத்தகத்தின் விலை 3 வெள்ளி என்றும் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ‘3’ என்னும் விடையைச் சொடுக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் மாணவர்கள் உண்டு. கேட்கப்பட்டதோ மூன்று நோட்டுப் புத்தகங்களின் விலையான 9 வெள்ளி. வினாவின் கடைசி வரியை மீண்டும் படிக்க ஐந்து வினாடி போதும்.

கணினித் தேர்வின் இன்னொரு கூறும் நிதானத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. எஸ்.ஏ.டி. தேர்வின் ஒவ்வொரு பிரிவும் இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதல் கட்டத்தில் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என எல்லா வகை வினாக்களும் கலந்து வரும். அதில் மாணவர் எவ்வாறு விடையளிக்கிறார் என்பதைப் பொறுத்து, இரண்டாம் கட்டத்தின் வினாக்கள் எளிமையாகவோ கடினமாகவோ அமையும். எளிமையான இரண்டாம் கட்டம் வந்தால் மிக உயர்ந்த மதிப்பெண்ணை எட்ட முடியாது. முதல் கட்டம் முடிந்த பிறகு அதற்குத் திரும்பிச் செல்லவும் இயலாது. ஆகவே, முதல் கட்டத்தில் தெரிந்த வினாக்களை அவசரத்தால் இழப்பவர், தம் திறமையைக் காட்டும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இத்தேர்வுக்கு அப்படியே பொருந்துகிறது.

“நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தால் நேரம் போதுமா?” என்று ஒருவர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். எஸ்.ஏ.டி. வாசிப்புப் பிரிவில் ஒரு வினாவுக்குச் சராசரியாக 71 வினாடி கிடைக்கிறது. கணிதத்தில் ஏறத்தாழ 95 வினாடி. ஒரு சிறு பனுவலை ஒருமுறை ஒழுங்காகப் படித்து விடையளிக்க இந்நேரம் போதும். அவசரமாகப் படித்துப் புரியாமல் மூன்று முறை திரும்பிப் படிப்பவருக்குத்தான் நேரம் போதாமல் போகும். நிதானம் என்பது மெதுவாகச் செய்வது என்று பொருள்படாது. ஒரு வேலையை ஒரே முறையில் சரியாக முடிப்பதைத்தான் அது குறிக்கிறது.

எனினும், எல்லாத் தேர்வுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யூகேட் தேர்வில் சொல்சார் சிந்தனைப் பகுதிக்கு 2025ஆம் ஆண்டு முதல் 44 வினாக்களும் 22 நிமிடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. அதாவது, ஒரு வினாவுக்கு 30 வினாடி மட்டுமே. அங்கு வேகமும் தேவை; எந்த வினாவை விட்டுவிட்டு முன்னே செல்வது என்று முடிவெடுக்கும் துணிவும் தேவை. அந்தத் துணிவும் பதற்றத்திலிருந்து பிறப்பதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதை முன்பே அறிந்த மாணவர், கடினமான வினாவுக்கு ஒரு விடையைத் தெரிவுசெய்து, அதை மறுபடி பார்ப்பதற்காகக் குறியிட்டுவிட்டு அமைதியாக அடுத்ததற்குச் செல்வார். அறியாதவர் அதே வினாவுடன் இரண்டு நிமிடம் போராடி, நான்கு வினாக்களுக்கான நேரத்தைத் தொலைப்பார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். எழுதப்போகும் தேர்வின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வதே ஆயத்தத்தின் முதல் படி.

இனி, இரண்டாவது கருத்துக்கு வரலாம். மாதிரித் தேர்வுகள் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களையும், படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். தேர்வு எழுதிப் பார்ப்பது கற்றலுக்கு உதவும் என்று இந்த ஆய்வு காட்டுகிறது. ஆனால், மாதிரித் தேர்வை எழுதிவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, உடனே அடுத்த தேர்வைத் திறக்கும் மாணவருக்கு அந்தப் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. காய்ச்சல்மானியில் பத்து முறை அளந்து பார்த்தாலும் காய்ச்சல் தணியாது. மருந்து, அளந்ததற்குப் பிறகு செய்யப்படும் வேலையில்தான் இருக்கிறது.

அந்த வேலை என்ன? ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தவற்றையும் அதன் காரணத்தோடு எழுதி வைப்பதுதான். காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பாடம் தெரியாதது ஒன்று. வினாவைத் தவறாகப் படித்தது இரண்டு. தெரிந்தும் அவசரத்தில் சொடுக்கியது மூன்று. நேரம் போதாதது நான்கு. பாடம் தெரியாவிட்டால் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். வினாவைத் தவறாகப் படிப்பவர் எத்தனை பாடங்களைக் கூடுதலாகப் படித்தாலும் அக்குறை நீங்காது. அவர் படிக்கும் முறையையே மாற்ற வேண்டும். நான்கும் ஒரே மதிப்பெண் குறைவாகத்தான் திரையில் தெரியும். எது எந்த வகை என்பதை மாணவர் மட்டுமே கண்டறிய முடியும். இரண்டு மணிநேரம் தேர்வு எழுதினால், அதை ஆராயவும் இரண்டு மணிநேரம் ஒதுக்குவது நல்ல கணக்கு. அத்துடன், தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் முழு மாதிரித் தேர்வுகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை ஒரே விடுமுறையில் எழுதித் தீர்ப்பது, விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும்.

திரையில் ஆழ்ந்து படிக்கும் பழக்கத்தை வளர்க்கத் தேர்வுத்தாள்கூடத் தேவையில்லை. தமிழ் முரசு நாளிதழை அச்சிலும் படிக்கலாம், இணையத்திலும் படிக்கலாம். ஒரு நாள் ஒரு கட்டுரையை அச்சில் படித்துவிட்டு, பாராமல் முக்கியக் கருத்துகளை எழுதிப் பார்க்கலாம். மறுநாள் அதே அளவுள்ள வேறொரு கட்டுரையைத் திரையில் படித்து, அவ்வாறே எழுதிப் பார்க்கலாம். இரண்டு பட்டியல்களும் சமமாக இருந்தால் மகிழ்ச்சி. திரையில் படித்தது குறைவாக நினைவில் நின்றால், எங்கே கண் தாவியது என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தேர்வு எழுதுபவர் தமிழில் ஏன் பழக வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. “ஆசிரியர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லவில்லை?” என்று கேட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் எந்த மொழியில் வளர்ந்தாலும் எல்லா மொழிக்கும் உதவும். தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் பேசும் மாணவர்களுக்கு இக்கவனம் ஏற்கெனவே ஓரளவு பழக்கமானதே.

கணினித் தேர்வு என்பதால் எழுதுகோலை மறந்துவிடவும் கூடாது. எஸ்.ஏ.டி. தேர்வில் கணக்கிட்டுப் பார்க்க வெற்றுத் தாள் தருகிறார்கள். யூகேட் தேர்விலும் குறிப்பெழுத வசதி உண்டு. வீட்டில் பயிற்சி செய்யும்போதே அருகில் ஒரு தாளை வைத்துக்கொள்வது நல்லது. அதே போல, பொருந்தாத விடைகளைக் கோடிட்டு நீக்கும் வசதி, குறியிடும் வசதி, கணிப்பான் ஆகியவற்றை முன்கூட்டியே கையாண்டு பழக வேண்டும். செயலியை நிறுவுவது, மின்கலத்தை முழுமையாக ஏற்றுவது, மின்கம்பியை எடுத்து வைப்பது போன்றவற்றைத் தேர்வு நாள் காலையில் செய்யக்கூடாது. இச்சிறு வேலைகளைச் சில நாள்களுக்கு முன்பே முடித்துவிட்டால், தேர்வு மண்டபத்தில் மனம் வினாவின்மீது மட்டும் நிற்கும்.

இந்த வாதத்தில் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. நுழைவுத் தேர்வு என்றவுடன் விலையுயர்ந்த துணைப்பாட வகுப்பில் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான் என்னும் அச்சம் பல குடும்பங்களில் எழுகிறது. வசதி குறைந்த குடும்பத்தில் அந்த அச்சம் கவலையாகவே மாறிவிடுகிறது. புளூபுக் செயலியில் உள்ள முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். எஸ்.ஏ.டி. தேர்வுக்காகக் கான் அகாடமி வழங்கும் பாடங்களும் இலவசம். யூகேட் அமைப்பும் தன் இணையத்தளத்தில் இலவசமாகப் பயிற்சித் தேர்வுகளை வழங்குகிறது. நல்ல ஆசிரியரின் வழிகாட்டுதலுக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால், தவறுகளை ஆராயும் வேலையைப் பணம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது.

பணத்தால் வாங்க முடியாததாக இருந்தாலும், அந்த வேலைக்கு அமைதியான இடம் வேண்டும். இரண்டு மணிநேரம் இடையூறின்றி அமர ஒரு மேசைகூட இல்லாத வீடுகள் உண்டு. தம்பி தங்கையரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர், தேர்வுச் சூழலை வீட்டில் உருவாக்குவது கடினம். பள்ளிகள் மாலை வேளையில் ஒரு கணினி அறையைத் திறந்து வைக்கலாம். அங்கே மாணவர்கள் தேர்வு எழுதுவதோடு, தங்கள் தவறுகளை ஆசிரியருடனோ நண்பர்களுடனோ கலந்து பேசவும் வாய்ப்பளிக்கலாம். சிண்டா போன்ற சமூக அமைப்புகளும் இம்முயற்சியில் கைகொடுக்கலாம். புதிய பயிற்சி நூல்களை வாங்கிக் குவிப்பதைவிட இது மிகுந்த பயன் தரும்.

நுழைவுத் தேர்வு ஒரு மாணவரின் வாழ்வில் சில மணிநேரம் மட்டுமே. மருத்துவராகும் மாணவர் பின்னாளில் நோயாளியின் பரிசோதனை முடிவுகளைத் திரையில்தான் படிப்பார். பொறியாளராகும் மாணவர் கட்டடத்தின் அளவுகளைத் திரையில்தான் சரிபார்ப்பார். மற்றவர்களும் வேலை ஒப்பந்தங்கள், வங்கிப் படிவங்கள் முதலியவற்றைத் திரையில் படித்தே ஒப்புதல் அளிப்பார்கள். அங்கெல்லாம் ‘சில’ என்னும் சொல்லைத் தவறவிட்டால் போவது ஒரு மதிப்பெண் மட்டுமாக இருக்காது. ஆகவே, மாணவர்கள் கணினித் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது, எத்தனை மாதிரித் தேர்வுகளை முடித்தோம் என்று எண்ணுவதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவையும் முழுமையாகப் படித்தோமா என்று தங்களைக் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். அதற்கு இன்றைய வகுப்பில் படிக்கும் அடுத்த பனுவலே தொடக்கமாக அமையலாம்.